இரண்டரை நிமிட மெத்தை

பெத்ரா மான்சா,
14 ஆகஸ்ட் 2014

மதிப்பிற்குரிய மைத்துனர் ஜெனேசியோ அவர்களுக்கு, எவிலாசியோ எழுதிக்கொள்வது.

நானும் தங்கள் தங்கை சுல்மீராவும் உயிரோடு இருக்கிறோம். அவளுடைய இடுப்புவலி பழையபடியே. தாங்கள் நலமா என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. தொலைக்காட்சி நிலையத்தின் இயக்குநர் என்ற முறையில் தினமும் மாலைச் செய்தியில் ஏதாவது ஒரு நாடாவைக் கத்தரித்துக்கொண்டு தோன்றுகிறீர்கள்; சற்றுப் பருத்திருக்கிறீர்கள் என்பதைத் தவிர வேறு குறை தெரியவில்லை. ஆண்டவர் அருளால் இது இப்படியே தொடரட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். டிவி மான்சாவின் முப்பதாண்டு வரலாற்றை நூலாக எழுதித் தரும்படி மார்ச் மாதம் என்னைக் கேட்டீர்கள். குடும்பத்தில் பிழையில்லாமல் நாலு வரி எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று ஈஸ்டர் விருந்தில் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லுக்கு மயங்கி ஒப்புக்கொண்டேன். ஐந்து மாதமாக அலைந்தேன். நேற்று, தாங்கள் எழுதிய முன்னுரையின் அச்சுப்படி எனக்கு வந்து சேர்ந்தது. அதன் மூன்றாம் பக்கத்தில், "1989இல் கட்டுப்பாட்டு அறை ஊழியர் எவிலாசியோ தூங்கிவிட்டதால்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரி இருக்கும்வரை என் கையெழுத்துப் படியில் ஒரு தாள்கூட தங்களுக்குக் கிடைக்காது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். அச்சகம் திங்கட்கிழமை தொடங்குகிறது என்பது எனக்கும் தெரியும்.

முதலில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். வரலாறு என்றால் தொடக்க விழாவிலிருந்துதானே ஆரம்பிக்க வேண்டும்? தொடக்க விழாவின் ஒளிப்பதிவு நாடாவைத் தேடி நிலையத்தின் கிடங்கில் நான்கு நாள் தூசி தின்றேன். கிடைத்தது. பிஷப் வருகிறார், புனித நீர்ப் பாத்திரத்தை வாங்குகிறார், கையை உயர்த்துகிறார், அடுத்த நொடி திரை முழுவதும் ஒரு நெல்லூர்க் காளை நிற்கிறது. தாங்கள் நாடாவை மிச்சம் பிடிக்க அதன்மேலேயே மாட்டு ஏலத்தைப் பதிவு செய்திருக்கிறீர்கள். மூன்று மணி நேரம் காளைகள். ஒரு காளை மட்டும் பிஷப்பின் சாயலில் இருந்தது. அதை நூலில் சேர்க்க முடியாது. அந்தப் பிஷப் அன்று புனித நீரை இயந்திரத்தின் மேலேயே தெளித்து நிலையத்தை நாற்பது நிமிடம் அணைத்தவர். அவர் பெயரில் இன்று ஒரு தெரு இருக்கிறது. நான் அணைத்தது இரண்டரை நிமிடம். எனக்கு ஊரில் "மெத்தை" என்று பெயர். இருபது வருடமாகப் பள்ளியில் பூகோளம் கற்பிக்கிறேன், அமேசானின் துணை ஆறுகளை மூச்சுவிடாமல் சொல்வேன். கரும்பலகையை நான் துடைப்பதற்குள் பின் பெஞ்சில் எவனாவது குறட்டை விடுகிறான்.

நாடா போனால் போகட்டும், மனிதர்கள் இருக்கிறார்களே என்று கிளம்பினேன். முதல் செய்தி வாசிப்பாளர் டோனா குளோதில்தே வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார், சுடச்சுட சீஸ் ரொட்டி கொடுத்தார், அதுவரை எல்லாம் முறையாக நடந்தது. 1984இல் முதன்முதலாகக் கேமரா முன் உட்கார்ந்தபோது என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம் இருக்கு. என் வீட்டுக்காரர் எண்பத்தொன்பதுல, அந்த டிவி தொடர் முடிஞ்ச வாரம்தான் செத்தார், தெரியுமில்ல? கொன்னது தோட்டக்காரன்னு நெனச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தார். ஒரு நிரபராதி மேல பழி போட்டுட்டுப் போன ஆத்மா எங்க போயிருக்குமோ, மெத்தை."

குனிந்து காப்பியைக் குடித்தேன்.

மலைமேல் ஒளிபரப்புக் கோபுரத்தைக் காத்த அமாதெயுவிடம் போனேன். மின்னல் விழுந்த கதை, குரங்கு கம்பியைக் கடித்த கதை ஏதாவது தேறும் என்று செங்குத்தாக இரண்டு மணி நேரம் ஏறினேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டார். ஜன்னல் வழியாக, "தொடர்ல அந்தப் பெரியம்மா வாயத் தெறந்தா, பாரு..." என்று தொடங்கினார். நான் இறங்கிவிட்டேன். கடைசியாக மெத்தைக் கடை பெலிசார்யோ. அவராவது வியாபாரி, விளம்பர வரலாறு பேசுவார் என்று நம்பினேன். அவர் தம் மெத்தையின் வண்ணப்படம் முழுப்பக்கம் வேண்டும் என்றார். தம் விளம்பரத்தை ஊரே பார்த்த நன்றிக்கு எனக்காக ஒரு மெத்தையை இப்போதும் எடுத்து வைத்திருக்கிறாராம், 1989இலிருந்து. நான் உயிருள்ளவரை அவர் மெத்தையில் படுப்பதில்லை என்று அன்றே சொன்னவன். அதனால்தான் சுல்மீராவுக்கு இடுப்புவலி என்று ஊர் சொன்னால் சொல்லட்டும்.

ஆக, ஐந்து மாதத்தில் முப்பத்திரண்டு பேரைச் சந்தித்தேன். முப்பது வருட வரலாற்றில் இந்த ஊருக்கு நினைவிருப்பது என்னுடைய இரண்டரை நிமிடம் மட்டுமே. அதையும் நானே எழுத வேண்டுமாம். எழுதுகிறேன், ஆனால் நடந்ததை நடந்தபடி.

1989இன் அந்த வெள்ளிக்கிழமை, தொலைக்காட்சித் தொடரின் கடைசி அத்தியாயம். ஏழு மாதமாக நாடே கேட்ட கேள்வி, ஆலை முதலாளியைக் கொன்றது யார். தெருவில் நாய்கூட இல்லை. நான் கட்டுப்பாட்டுப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தேன். முறை என்ன என்று தங்களுக்கே தெரியும்: ரியோவிலிருந்து வரும் நிகழ்ச்சியில் உள்ளூர் விளம்பரத்துக்கு இடம் விடும்போது இரண்டு முறை பீப் ஒலிக்கும், ஒலித்ததும் பொத்தானை அழுத்தி நம் நாடாவுக்கு மாற்ற வேண்டும். மணி ஒன்பது ஆகும் நேரம், தொடரில் வரும் பெரியம்மா கதவைத் திறந்தாள். "அவனைக் கொன்னது" என்றாள். பீப், பீப். அழுத்தினேன். பெலிசார்யோவின் இரட்டை மெத்தைமேல் இரண்டு பேர் குதிக்க ஆரம்பித்தார்கள்.

பத்து நொடியில் நேரம் தவறு என்று எனக்குப் புரிந்துவிட்டது. மாற்றியிருக்கலாம். ஆனால் பொத்தானுக்கு நேர் மேலே தாங்கள் தங்கள் கைப்பட எழுதி ஒட்டிய சீட்டு இருந்தது: "விளம்பரத்தைப் பாதியில் வெட்டுகிறவன் கையை நான் வெட்டுவேன்." படித்தேன். கையை எடுத்துக்கொண்டேன். திரும்பி ரியோவுக்கு மாற்றியபோது தொடரில் திருமணம் நடந்துகொண்டிருந்தது, எல்லோரும் அரிசி தூவிக்கொண்டிருந்தார்கள். அதுவும் போகட்டும், சனிக்கிழமை மறுஒளிபரப்பு இருந்ததே. அந்த நேரத்தை மாட்டு ஏலத்துக்கு விற்றது யார்? நானா? அதனால்தானே கொலைகாரன் யார் என்று பக்கத்து ஊர் வார்ஜெம் ஃபுந்தாக்காரர்களிடம் போய்க் கேட்க வேண்டிய கேவலம் வந்தது. கால்பந்தில் நம்மிடம் தோற்ற ஆத்திரத்தில் அவர்கள் தோட்டக்காரன் என்று பொய் சொன்னார்கள். ஒரு வாரம் முழுவதும் இந்த ஊர் ஒரு அப்பாவித் தோட்டக்காரனைச் சபித்தது. லாரிக்காரர் ஒருவர் தலைநகரிலிருந்து பத்திரிகை கொண்டுவந்த பிறகுதான் கொன்றது மருமகள் என்று தெரிந்தது. பழி யார்மேல் விழுந்தது? ஏலத்தின்மேல் அல்ல, சீட்டின்மேல் அல்ல. அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாளே நிலையத்தின் வாசலில் அழுகிய பப்பாளியோடு ஊரே நின்றது. நான் பின்கதவு வழியாக நுழைந்தேன். வரவேற்பில் இருந்த தங்கள் தங்கை ஒருத்திதான் என்னை மனிதனாக மதித்து, "பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று சொல்லி ஒரு பொட்டலம் கொடுத்தாள். பராகுவேயிலிருந்து வந்த, எண்களில் நேரம் காட்டும் கைக்கடிகாரம். இருபத்தைந்து வருடமாக ஒரு நொடி பிசகாமல் அதைக் கட்டியிருக்கிறேன். பிசகாத கடிகாரம் கட்டிய கை, பிசகிய கை என்று தாங்கள் எழுதுகிறீர்கள்.

மறுவாரமே தாங்கள் என்னைப் பலகையிலிருந்து எடுத்து ஏலக் காளைகளுக்கு எண் ஒட்டப் போட்டதையும், அதனால் நான் வேலையை விட்டதையும் இங்கே கிளறவில்லை. 1996இல் தாங்கள் இரவலாக வாங்கித் திருப்பித் தராத குளிர்பெட்டியையும் கிளறவில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. தூங்கிவிட்டதால் என்ற சொல்லை எடுத்துவிட்டு, "ரியோவிலிருந்து தவறான நேரத்தில் பீப் ஒலி வந்ததால்" என்று போடுங்கள். நான் கேட்டேன். என் காதால் கேட்டேன். ரியோவிலிருந்து அப்படி ஒலி போகவில்லை என்று அவர்கள் பதிவேட்டைக் காட்டினார்கள் என்றால், பதிவேடு பொய். திங்கட்கிழமைக்குள் திருத்தம் வராவிட்டால் கையெழுத்துப் படியை அடுப்பில் போடுவேன், விழாவுக்கு வரமாட்டேன், என் செலவில் துண்டறிக்கை அடித்துத் தேவாலய வாசலில் நின்று நானே கொடுப்பேன்.

கடிகாரம் பேட்டரி மாற்றக் கடைக்குப் போயிருக்கிறது. சுல்மீரா வாங்கிவரப் போயிருக்கிறாள். வந்ததும் வழக்கம்போல இதை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு உறையை ஒட்டுவேன். தன் அண்ணன் எப்படிப்பட்டவர் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

தங்கள் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். பேரக்குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எங்களை அழைக்க மறந்ததற்காக வருத்தம் ஏதும் இல்லை. குழந்தை எந்தக் குற்றமும் செய்யவில்லை. கர்த்தர் தங்கள் வீட்டில் நிறைவும் தங்கள் நினைவில் நேர்மையும் தரட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
எவிலாசியோ

பின்குறிப்பு: சுல்மீரா வந்தாள். கடைக்காரர் புதியவர், பேட்டரியோடு எல்லாவற்றையும் முதலில் இருந்தபடி அமைத்துக் கொடுத்திருக்கிறார். கட்டிக்கொண்டு வாசித்தேன். "என் காதால் கேட்டேன்" என்ற இடம் வந்தபோது மணி ஏழு. என் மணிக்கட்டில் பீப், பீப் என்றது. நான் யோசிக்கவே இல்லை. என் வலது கை தானாக நீண்டு சர்க்கரைக் கிண்ணத்தை அழுத்தியது.

சுல்மீரா கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் உங்க பிறந்தநாள். நீங்களே தெறந்து பாக்கட்டும்னு முந்தின ராத்திரி எட்டரைக்கு நீங்க உக்கார்ற பலகை மேஜை இழுப்பறையில வெச்சேன். அது மணிக்கு மணி கத்தும்னு எனக்கென்ன தெரியும்? மறுநாள் உங்களுக்குக் குடுக்க எடுத்தப்ப கையிலேயே கத்துச்சு. அப்பதான் புரிஞ்சுது, முந்தின ராத்திரி நீங்க கேட்டது இதைத்தான்னு."

கடிகாரத்தைக் கொடுத்த கையோடு, "இந்தச் சத்தத்தை நிறுத்திடுங்க, எனக்குத் தலை வலிக்குது" என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவளுக்கு மென்மையான காது என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன், தங்களிடமும் சொன்னேன். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா என்னைக் கட்டியிருப்பீங்களா?"

கட்டியிருக்க மாட்டேன். அவள் காப்பி போட எழுந்தாள். எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆகையால் ஜெனேசியோ, மேலே எழுதியதில் குளிர்பெட்டியைத் தவிர எதையும் பொருட்படுத்த வேண்டாம். கையெழுத்துப் படி முழுவதும் இத்துடன் வருகிறது. கடிகாரத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதீர்கள், டோனா குளோதில்தேயிடம் முக்கியமாக. முன்னுரையில் அந்த வரி அப்படியே இருக்கட்டும். தூங்கிவிட்டேன் என்றே அச்சடியுங்கள்.

பெலிசார்யோவைப் பார்த்தால் ஒன்று சொல்லுங்கள். எடுத்து வைத்திருக்கும் மெத்தையை அனுப்பச் சொல்லுங்கள். ஆனால் பட்டப்பகலில் வேண்டாம், தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள்.