காற்றுக்குச் சொந்தக்காரர்

அடுத்தவர் உழைப்பைத் திருடாமல் காக்கும் உன்னத நோக்கத்தோடு ஒரு சட்டம் வந்தது. இனி எந்த வீடியோவும், திருட்டுச் சரக்கைத் தானே கண்டுபிடித்து நீக்கும் ஒரு கணினி வடிகட்டியைத் தாண்டித்தான் ஊர் கண்ணில் படும். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய கோரமண்டல் லைன் வீட்டில் குடியிருந்த சில்வியா அதை மனதார வரவேற்றாள். திருடனைப் பிடித்தால் நல்லதுதானே.

ஆடிக்காற்று கிளம்பியது. தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய சயனைடு மண்மேட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காற்றடித்தால் அது வீட்டுக்குள் வந்து சோற்றுப்பானை வரைக்கும் நலம் விசாரிக்கும். சில்வியாவின் சின்ன மகள் ரீனாவுக்கு மூச்சு இரைத்தது. மண் பறப்பதை வீடியோ எடுத்துப் புகாராக இணையத்தில் போட்டாள் சில்வியா. போட்ட சூட்டோடு காணாமல் போனது. அதில் கேட்ட காற்றுச் சத்தம், தூக்கம் வராதவர்களுக்குக் காற்றோசை விற்கும் ஒரு கம்பெனிக்குச் சொந்தமாம். சத்தத்தை எடுத்துவிட்டுப் போட்டாள். திருட்டை மறைக்க முயன்றதாக இன்னொரு நோட்டீஸ் வந்தது.

குறைதீர்க்கும் அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி மனோகர் மரியாதையாக உட்கார வைத்தார்.

"காத்து உங்களோடதுதான்னு ஆதாரம் இருக்காம்மா?"

"காத்துக்கு இன்னா சார் ஆதாரம்? அது யாரோடதும் இல்லியே."

"உங்களோடது இல்லன்னு நீங்களே ஒத்துக்கிறீங்க. அவங்க பதிவு பண்ணி வச்சிருக்காங்க."

"அப்ப அவங்க காத்து எங்க வூட்ல கொட்ற மண்ண அவங்களே வந்து பெருக்குவாங்களா சார்?"

"அவங்க உரிமை சத்தத்துக்கு மட்டும்தாம்மா. மண்ணு உங்களுது." பிறகு பரிவோடு வழி சொன்னார். "காத்து இல்லாதப்ப எடுத்துப் போடுங்க."

அப்படியே எடுத்துப் போட்டாள். வடிகட்டி வழிவிட்டது. மேலிடத்திலிருந்து பதிலும் வந்தது: 'தங்கள் வீடியோவைக் கூர்ந்து ஆராய்ந்ததில் தூசு ஏதும் தென்படவில்லை. குறை தீர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது.'

தூசுப் புகாரே இல்லாத பகுதி என்று மனோகருக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் ஆற்றிய ஏற்புரையை அலுவலகம் பெருமையோடு இணையத்தில் ஏற்றியது. வடிகட்டி பிடித்துக்கொண்டது. முந்தைய அதிகாரியின் ஏற்புரையோடு அது வரிக்கு வரி ஒத்துப்போனதாம்.

சேதி கோரமண்டலுக்கு எட்டியபோது லைனே வாசலுக்கு வந்துவிட்டது.

"இப்பதான் சட்டம் ஒழுங்கா வேல செய்யுது. இந்தச் சட்டத்த எடுக்கவே கூடாது" என்றான் சில்வியாவின் புருஷன் சிரில்.

"ஆமா, நல்ல சட்டந்தான்" என்றாள் சில்வியாவும்.

எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். காற்று பலமாக அடித்தது. வாய்க்குள் போன மண்ணைத் துப்பிவிட்டு, மறுபடியும் சிரித்தார்கள்.