கதை உதவி: மாப்பிள்ளை

தன் சங்கடத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பவனை நகைச்சுவையாளன் என்கிறார்கள். அடுத்தவர் சங்கடத்தைச் சொல்லிச் சிரிக்க வைப்பவனுக்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. ஆனால் அந்த ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவன் முகத்துக்குத்தான் ஷேவிங் செய்கிறேன்.

தெலுங்கு பேசும் நகரம் ஒன்றில், கச்சிபௌலி என்ற பகுதியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலை எனக்கு. அதாவது, பிறர் செய்த தப்பைக் கண்டுபிடித்து எழுதி அனுப்பிச் சம்பளம் வாங்குவது. கல்லூரி நண்பன் பிரபு சென்னையில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தான். ஓர் அடுக்குமாடி, நாலு குடும்பம், வாரம் ஒரு தர்மசங்கடம். சிரிப்பு வராத இடங்களில் பதிவு செய்த சிரிப்பு.

ஒருநாள் போன் செய்தான். "பெரிய காமெடியெல்லாம் வேணாம்டா. லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு என்ன பேசறதுன்னு தெரியாம முழிப்பாங்கல்ல, அந்த மாதிரி சின்னச் சின்னதா. கண்ணுல பட்டா அனுப்பு, உன் பேரைப் போடறோம்."

பெயர் போடுகிறார்கள் என்றதும் புத்தி கெட்டது. அன்றிலிருந்து எனக்கு மனிதர்களே தெரியவில்லை, காட்சிகள்தான் தெரிந்தன. மேலாளர் தும்மினால்கூடக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். (நான் ஏதோ முக்கியமான விஷயத்தைக் குறித்துக்கொள்வதாக நினைத்து அவர் அந்த வருடம் என்னைப் பாராட்டினார். அது வேறு கொடுமை.)

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே நகரத்தில் திருமுல்கேரியில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போவோம். மாமா ராணுவக் கிடங்கு ஒன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அதிகம் பேச மாட்டார். நாம் பேசினால் சிரித்துத் தலையாட்டுவார். நல்ல மனிதர், கொஞ்சம் மந்தம். இது என் கணிப்பு.

ஒரு ஞாயிறு நானும் அவரும் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தோம். கீழ்வீட்டு நரசிம்மம்காரு ஏறி வந்தார். இருவரும் இருபது வருட நண்பர்கள், தினமும் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள். அவர் தலையைக் குனிந்தபடி, "மா அன்னய்யா சனிபோயாரண்டி" என்றார். அண்ணன் இறந்துவிட்டார் என்று சொல்கிறார்.

மாமா முகமெல்லாம் மலர, "சால சந்தோஷமண்டி! ஸ்வீட்லு எக்கட?" என்றார். ரொம்ப சந்தோஷம், ஸ்வீட் எங்கே என்று கேட்கிறார்.

நரசிம்மம்காரு அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பி இறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்ன மாப்ள, அவசரமா போறார்?" என்றார் மாமா.

"தெரியல மாமா" என்றேன்.

தெரியும். என் தெலுங்கு ஆட்டோக்காரரோடு முடிந்துவிடும் தெலுங்குதான், ஆனாலும் அந்த ஒரு சொல் தெரியும். முப்பது வருடமாக இந்த ஊரில் கடைக்காரர் முதல் கலெக்டர் ஆபீஸ் வரை தெலுங்கிலேயே வாதாடிய மனிதருக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தில் நான் கைப்பேசியை எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நரசிம்மம்காரு மாமாவோடு பேசவில்லை. மாமா தனியாக நடக்கப் போனார். "ஏன்னே தெரியலப்பா, முகத்தைத் திருப்பிக்கறார்" என்று அத்தையிடம் புலம்பியதை நானே கேட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வரும். தவிர, பிரபு அதற்குள் காட்சி பிரமாதம் என்று செய்தி அனுப்பிவிட்டான்.

நாலு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஒளிபரப்பு. என் பெயர் வருவதைப் பார்க்க எல்லோரையும் மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்தேன். (யாரும் கேட்கவில்லை. நானேதான் உட்கார வைத்தேன்.) என் மனைவி சுதா, ஒன்பது வயது மகள் மித்ரா, அத்தை, மாமா. "கதை உதவி" என்று என் பெயர் எறும்பளவு எழுத்தில் ஓடியது. நான் கைதட்டினேன்.

அந்தக் காட்சி வந்தது. அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனாவோடு ஒரு பெரியவர் படியிறங்கினார். உடையைக்கூட மாற்றத் தோன்றவில்லை எனக்கு. எதிரே வந்தவர், "எங்கண்ணன் போயிட்டார் சார்" என்றார். "ரொம்ப சந்தோஷம், ஸ்வீட் எங்கே?" என்றார் பெரியவர். பெட்டிக்குள் நூறு பேர் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று நம்பி.

மித்ரா துள்ளி எழுந்தாள். "டாடி, யே தோ தாத்தா ஹை நா!" இது தாத்தாதானே என்று பள்ளிக்கூடத்து இந்தியில் கேட்கிறாள்.

சுதாவும் அத்தையும் என் பக்கம் திரும்பினார்கள். மாமா மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்தார். "என்னடா கண்ணு சொன்ன?" என்று குனிந்தார். அவள் அவர் காதருகே வாயை வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் காட்சியை முழுதாகச் சொன்னாள். குழந்தைகள் எதையும் விட மாட்டார்கள்.

மாமா நிமிர்ந்தார். "அன்னைக்கு நரசிம்மம் சொன்னது இதுவா, மாப்ள?"

நான் தலையாட்டினேன்.

"பக்கத்துலதானே நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அத்தைதான் உடைத்தாள். "அவருக்கு ரெண்டு வருஷமா காது சரியா கேக்கல. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டார். மாப்பிள்ளை எளப்பமா நெனைப்பாராம்."

சுதா தொலைக்காட்சியை அணைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

மாமா செருப்பை மாட்டினார். "வாங்க மாப்ள, கீழ போகணும். அவர் பேசறது எனக்குக் கேக்காது, நீங்க கேட்டுச் சொல்லுங்க."

நரசிம்மம்காரு கதவைத் திறந்தார். மாமா கைகூப்பி, காது கேட்காமல் ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துவிட்டதைத் தெலுங்கில் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த அவர் கண்கள் மெல்ல என் பக்கம் திரும்பின. "மீரு அப்புடு பக்கனே உன்னாரு கதா?" என்றார்.

"என்ன சொல்றார்?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல மாமா."

"சத்தமா சொல்லுங்க, கேக்கல."

"நான் அன்னைக்குப் பக்கத்துலதான் இருந்தேனாம்!" என்று கத்தினேன். எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"அப்புறம்?"

நரசிம்மம்காரு இன்னும் மூன்று வாக்கியம் சொன்னார். ஒன்று விடாமல் என்னைப் பற்றியது. புரிந்த அளவுக்கு எல்லாவற்றையும் தமிழாக்கி, மூன்று மாடிக்கும் கேட்கும்படி என் குரலிலேயே அறிவித்தேன். முடித்ததும் அவர்கள் இருவரும் கட்டிக்கொண்டார்கள். உள்ளே போய் டீ குடித்தார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிரபு இன்னொரு காட்சி கேட்டான். இந்தப் படிக்கட்டையே எழுதி அனுப்பினேன். நம்பும்படி இல்லை, எந்த மாப்பிள்ளையும் இவ்வளவு மோசமாக இருக்க மாட்டான் என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

மாமா இப்போது காதில் மெஷின் வைத்திருக்கிறார். குண்டூசி விழுந்தாலும் கேட்கிறது. விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் நான் தொண்டையைச் செருமி, "ஆபீஸ்ல ஒரு தமாஷ்" என்று ஆரம்பித்தால் போதும், சுதா அவர் பக்கம் திரும்பி, "அப்பா, மெஷின்!" என்பாள். அவர் நிதானமாக அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கூடமே சிரிக்கும். நான் ஆரம்பித்த ஒரு தமாஷுக்கு அந்த வீட்டில் கிடைக்கும் சிரிப்பு அது ஒன்றுதான்.