கவிழ்த்துப் பார்க்கிறவர்

கவிழ்த்துப் பார்ப்போர் என்றொரு மனித இனம் உண்டு. உருக்காலைகள் மூடிப்போன எங்கள் மொனொங்கஹேலா ஆற்றங்கரை ஊர்களில் இவர்கள் செழித்து வளர்கிறார்கள். ஒருவரை விருந்துக்கு அழைத்துப் பாருங்கள். சூப்பைத் தொடமாட்டார். ஸ்பூனைக் கவிழ்த்து, நெற்றியில் கிடக்கும் கண்ணாடியை இறக்கி, எந்த நாட்டில் செய்தது என்று படிப்பார். பிறகு ஒரு பெருமூச்சு. அதிலேயே சூப் ஆறிவிடும்.

இந்த இனத்தின் மாணிக்கம் ரூடி ஹர்வாட். இளமை முழுவதையும் உலைக்கு முன்னால் கழித்தவர். எந்தப் பாலத்தைக் கண்டாலும் "இது நாங்க காய்ச்சினது" என்பார். போர்க்கப்பல் என்று யாராவது சொன்னால் எழுந்தே நின்றுவிடுவார். அப்படி உலகத்துக்கே உருக்கு வார்த்த தேசம் எப்படிச் சாய்ந்தது? பழைய உலைகளை மாற்றாமல் லாபத்தை வேறெங்கோ கொண்டுபோன முதலாளிகளாலா? இல்லையாம். அவர் மனைவி டோலோரஸ் வாங்கிய வெளிநாட்டு வாணலியால்!

"ஒரு வாணலியால நாடே கவுந்துடுச்சாக்கும்!" என்பாள் அவள். "அதுல வறுத்த பியரோகிக் கொழுக்கட்டையை மட்டும் தட்டு தட்டா முழுங்குறியே, மனுஷா?"

இந்த நிலையில்தான் ஒரே மகள் டெனிஸ், கீத்தைக் காதலித்தாள். நல்ல பையன். ஜப்பானியக் காரில் வருகிற நல்ல பையன். அந்தோ!

"அந்தக் கார் என் வாசல்ல நிக்காது" என்றார் ரூடி.

"அப்போ என் கல்யாணத்துல நீயும் நிக்க வேணாம்ப்பா. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர்றோம். வாசல்ல இடம் இருந்தா உள்ள வருவோம். இல்லேன்னா அப்படியே போயிடுவோம்."

ஞாயிறன்று பனி கொட்டியிருந்தது. ரூடி வாசலில் பனியை வாரித் தள்ளி, நடு இடத்தில் தன் மடக்கு நாற்காலியை விரித்து வைத்தார். எங்கள் தெருவில் ஒருவர் நாற்காலி போட்டுப் பிடித்த இடத்தில் போலீஸ்காரர்கூட வண்டியை நிறுத்தமாட்டார். இதுவோ தொழிற்சங்கக் கூடத்தை மூடிய அன்று அங்கிருந்து தூக்கி வந்த இரும்பு நாற்காலி. வெளிநாட்டுக் கார்கள் உள்ளே வரக் கூடாது என்று வாசலில் பலகை மாட்டியிருந்த கூடம்!

கார் வந்தது. டெனிஸ் நாற்காலியைப் பார்த்தாள், கண்கள் நிறைந்தன, இறங்கவில்லை. அப்பாவும் அதைப் பார்த்தார். ஆனாலும் அசைவாரா? கீத் வெளியூர்க்காரன், தெருவின் சட்டம் அறியாதவன். இறங்கி வந்து நாற்காலியை மடக்கித் தூக்கியேவிட்டான்.

"டேய், கீழ வை! அது எங்க ரத்தம்டா! எங்க இரும்பு!"

"மன்னிச்சுக்குங்க சார்... ஆனா அடியில தைவான்னு போட்டிருக்கே?"

ரூடி கண்ணாடியை இறக்கினார். படித்தார். துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். ஊரிலுள்ள ஸ்பூன்களையெல்லாம் கவிழ்த்தவர், எதன்மேல் உட்கார்ந்து அந்நிய இரும்பைச் சபித்தாரோ அதை மட்டும் கவிழ்த்ததே இல்லை! எதிர்வீட்டுத் திரைச்சீலை அசைந்தது.

"சத்தமா படிக்காதேடா!" என்று அவன் காதோரம் சீறினார். "சீக்கிரம் டிக்கியைத் திற. இதை உள்ள போடு. வண்டியைக் கொண்டாந்து இங்கேயே நிறுத்து, மாப்பிள்ளை!"

அன்று அவர் சூப்பைச் சூடாகக் குடித்தார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இப்போது எதன்மேல் உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களோ, அதை மட்டும் தயவுசெய்து கவிழ்த்துப் பார்த்துவிடாதீர்கள்.