மொதல்ல தண்ணி குடிங்க

கதவு தட்டப்பட்டால் யார் என்று கேட்காத ஒரே ஜீவன் இந்தப் பூமியில் சொம்புதான். திருடன் வந்து தட்டினாலும் கேட்க மாட்டான். முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பான். குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியம். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான் இது. ஆனால் அதை எவர்சில்வர் சொம்போடு சேர்த்துப் பெட்டியில் வைத்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனவன் அவன் ஒருத்தன்தான். அவனுடைய சொந்தப் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையவில்லை. சொம்பு நுழைந்தது. பெயரை வைத்துத் தப்பாக நினைக்காதீர்கள். யாரையும் காக்கா பிடிக்கத் தெரியாதவன்.

நான் துடியலூர். மேல்படிப்புக்குப் போனேன். அவன் சோமனூர், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, எனக்கு ஆறு மாதம் முன்னால் போனவன். முன்பின் பார்த்ததில்லை. யாரோ நம்பர் கொடுத்தார்கள். ரயிலை விட்டு இறங்கினேன், சொம்போடு நின்றான்.

"தண்ணி குடிங்ணா. அப்புறமேட்டுக்குப் பேசிக்கலாம்."

குளிர் எலும்பைக் கடித்தது. தண்ணீர் அதைவிட மோசம். இரண்டு நாள் பல் கூசியது.

எனக்குத் தங்க அறை கிடைக்கவில்லை. அறை இல்லாவிட்டால் விலாசம் இல்லை. விலாசம் இல்லாவிட்டால் அந்த ஊரில் நீங்கள் மனுசனே இல்லை, எந்த ஆபீசிலும் எந்தத் தாளும் நகராது. அதனால் சொம்பின் அறையில், அவன் கொண்டுவந்திருந்த பவானி ஜமக்காளத்தை விரித்துத் தரையில் கிடந்தேன். விடுதி கேர்டேக்கர் வந்து பார்த்தார். மீசைக்காரர், சிரித்துப் பழக்கமில்லாதவர். விருந்தாளி ஞாயிறு வரைக்கும்தான், அதற்குமேல் ஒரு மணி நேரம்கூடக் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் ஊருக்குத்தான் திரும்ப வேண்டும். துடியலூர் பஸ் ஸ்டாப்பில் 'ஜெர்மனி செல்லும் எங்கள் சிங்கமே' என்று என் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். ஃப்ளெக்ஸ் கிழிவதற்குள் சிங்கம் திரும்பி வந்து அதற்கடியிலேயே பஸ்சுக்கு நின்றால் எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊரில் வீடு கேட்டால் வீட்டுக்காரன் சாதி கேட்பான். அங்கே சேர்ந்து குடியிருப்பவர்கள் எல்லாரும் உட்கார்ந்து குணம் கேட்கிறார்கள். என்னிடம் இல்லாததே அதுதான். ஒரு வீட்டில் ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்றார்கள். தூங்குவேன் என்றேன். இன்னொரு வீட்டில் எங்கள் பூனையைப் பிடித்திருக்கிறதா என்றார்கள். இல்லை என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். இப்படியே ஏழு வீட்டில் வாசலைக் காட்டினார்கள்.

சொம்புக்கு அந்தக் கஷ்டமே இல்லை. வாஷிங் மெஷினுக்கே 'ங்க' போட்டுப் பேசுகிறவன். பார்சல் கொண்டுவருகிறவன் முதல் நாள் சொம்பைப் பார்த்துப் பயந்து ஓடினான். நான் போனபோது பார்சல் இல்லாத நாளிலும் மணி அடித்துக்கொண்டிருந்தான். கடவுளைப் பற்றிப் பேச வந்த இரண்டு பேர் தண்ணீர் குடித்து, எலுமிச்சை சோறு சாப்பிட்டு, வந்த விஷயத்தை மறந்து போய்விட்டார்கள்.

அந்த வாரம் அவன் தளத்திலேயே ஓர் அறை காலியானது. அங்கே குடியிருந்தது சொம்பு, லேனா என்கிற ஜெர்மன்காரி, ஒரு பிரேசில்காரன். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால் அறை எனக்கு. சனிக்கிழமை நாலு மணிக்குக் கேள்வி கேட்பார்கள்.

மூன்று மணிக்கு சொம்பு என் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"ஏனுங்ணா, ஏழு எடத்துல வேண்டாம்னுட்டாங்க. இது உங்க கொணம் இல்லீங்ணா. ஊர்ல ஃப்ளெக்ஸ் வெச்சாங்கல்ல, பஸ்சுக்கு நிக்கற சனம் பூராப் பாத்திருக்கும். கண்ணு பட்டுப்போச்சு."

கை நிறைய உப்பும் வரமிளகாயும் எடுத்து என் தலையை மூன்று சுற்று சுற்றினான். ஊரில் என்றால் அடுப்பு நெருப்பில் போடுவார்கள். அங்கே கரண்ட் அடுப்பு. வாணலியில் கொட்டி முழுச் சூட்டில் வைத்துவிட்டான். மிளகாய் நெடி வராவிட்டால் திருஷ்டி இருந்தது என்று அர்த்தம். வந்தால் இல்லை. நெடி நாலு மாடிக்கும் வந்தது. ஆகவே திருஷ்டி எதுவும் இல்லை, என் குணம்தான் என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துபோனது.

அலாரம் கத்தியது. விடுதி மொத்தமும் இருமிக்கொண்டே குளிரில் புல்வெளிக்கு ஓடியது. எதையும் எடுக்காமல் ஓட வேண்டும் என்பது சட்டம். ஒருத்தன் துண்டோடு நின்றான். சொம்பு மட்டும் தோளில் ஜமக்காளம், கையில் தண்ணீரோடு இறங்கி வந்தான். ஜமக்காளத்தை விரித்து எல்லாரையும் உட்காரச் சொன்னான். ஏதோ கல்யாணத்துக்கு வந்த மாதிரி உட்கார்ந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடியும் குழாயுமாக நாலு பேர் குதித்தார்கள். சொம்பு குறுக்கே போய் நின்றான்.

"வாங்க வாங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

சுத்தத் தமிழில்தான் சொன்னான். பின்னால் ஒரு வண்டி நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்தவர்களிடம் சொன்னான். முன்னால் வந்த பெரியவர் சொம்பைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், முகமூடியைக் கழற்றினார். அண்ணாந்து குடிக்கத் தெரியாமல் கோட்டு முழுவதையும் நனைத்துக்கொண்டார். பிறகுதான் தீ எங்கே என்று கேட்டார்.

கேர்டேக்கர் வந்தார். யார் செய்தது, அவன் பெட்டியைக் கட்டலாம் என்றார். பிரேசில்காரன் வானத்தைப் பார்த்தான். லேனா செருப்பைப் பார்த்தாள். கடைசியில் என்னிடம் கேட்டார்.

"இவன்தான்," என்று சொம்பைக் கைகாட்டினேன். "எனக்காகத்தான் செய்தான். அனுப்புவதென்றால் இரண்டு பேரையும் அனுப்புங்கள்."

கேர்டேக்கர் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு நேரே சொம்பு தண்ணீரை நீட்டினான். தீயணைப்புப் பெரியவர், குடித்துப் பாருங்கள், நன்றாக இருக்கிறது என்றார். வேறு வழியில்லாமல் குடித்தார். தண்ணீர் வாங்கிக் குடித்த வாயால் கத்த முடியாது. இந்த வழக்கம் எதற்கென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார். அதைச் சொம்பு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அடுப்புக்கு மேலே ஒட்டிவைத்தான்.

என்னிடம் கேள்வி கேட்பது அந்த ஜமக்காளத்திலேயே நடந்தது. லேனா ஒன்றுதான் கேட்டாள். சமையலறையில் பாத்திரம் கழுவாமல் போடுவது யார் என்று ஆறு மாதமாகத் தெரியவில்லை, கண்டுபிடித்தால் முகத்துக்கு நேரே சொல்வாயா? சொல்வேன் என்றேன். அறை கிடைத்தது. மறுநாளே கண்டுபிடித்துச் சொன்னேன். சொம்புதான். சொம்பைத் தவிர எதையும் கழுவ மாட்டான்.

"ஏனுங்ணா, நீங்களே சொல்லிப்போட்டீங்களே," என்றான். கோபமே இல்லை. சொம்பை நீட்டினான்.

படிப்பை முடித்து நான் திரும்பிவிட்டேன். அவன் அங்கேயே வேலையில் இருக்கிறான். கிளம்பும்போது எனக்குத் தெரியாமல் என் பெட்டியில் சொம்பைத் திணித்திருக்கிறான். என் முன்கோபம் ஊருக்கு வந்தும் கொஞ்சமும் குறையவில்லை. சிலிண்டர் நாலு நாள் தாமதமாக வரும், திட்டத் தீர்மானித்துத்தான் கதவுக்குப் போவேன். போகிற வழியில் கை தானாகச் சொம்பை எடுத்துவிடுகிறது. அப்புறம் எங்கே திட்டுவது?

ஒருநாள் அவனும் வந்து தட்டுவான். யார் என்று கேட்க மாட்டேன்.