ஊதியண்ணையின் நாலாயிரம்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவுக்கு வந்த தமிழர்களில் பாதிப்பேர் ஊதியண்ணையின் ட்றக்கில் வீடு மாறியவர்கள். மீதிப்பேர் அந்த ட்றக்கைப் பார்த்துப் பயந்து, கட்டிலைக் கழற்றி பஸ்ஸில் கொண்டுபோனவர்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. நகரத்தின் கிழக்கே ஸ்காபரோவில், வோபர்ன் என்ற இடத்தில் ஒரு அடுக்குமாடியில் தனியாக இருந்தார். பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் வேலை. எங்கேயோ ஒரு பழைய பிக்கப் ட்றக்கை வாங்கி, அதன் எஞ்சினுக்கு மேலே சுப்பர்சார்ஜர் ஒன்றைப் பூட்டியிருந்தார். "காத்தைப் பிடிச்சு எஞ்சினுக்குள்ளை ஊதித் தள்ளும் தம்பி" என்று செத்தவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் விளக்கம் சொன்னதால் சனம் அவருக்கு ஊதி என்று பெயர் வைத்தது. அந்தச் சாமான் பொனற்றைத் துளைத்துக்கொண்டு பொங்கல் பானை மாதிரி வெளியே நின்றது. ரோட்டைப் பார்க்க அவர் தலையை யன்னலுக்கு வெளியே நீட்டவேண்டும். பனிக்காலத்தில் வந்து இறங்கும்போது மீசை எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

இந்த ஊதலைத் தாங்காமல் ஒருநாள் ட்றக்கின் ரோர்க் கொன்வேர்ட்டர் வீங்கிப்போய்விட்டது. அது எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் இருக்கும், எண்ணெய் நிரம்பிய ஒரு இரும்பு உருண்டை. எஞ்சினின் வலு அதற்குள்ளால்தான் சில்லுக்குப் போகும். புதிதாக வாங்கும்போது ஒரு இலக்கம் பார்க்கவேண்டும். எஞ்சின் நிமிசத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றினால் வண்டி ஒழுங்காக இழுக்கத் தொடங்கும் என்பதுதான் அந்த இலக்கம். இதெல்லாம் எனக்கு ஏன் தெரியும் என்றால், அந்த வருடம் ரொறன்ரோவில் இதைத் தெரியாமல் இருக்க யாருக்கும் அனுமதி இருக்கவில்லை.

ஒரு முழு மாரிகாலம் அவர் தெரிவு செய்தார். கணக்கு ரியூசன் மாஸ்ரரைக் கேட்டார். பல் டொக்டரிடம் வாயைத் திறந்தபடியே கேட்டார். கோயிலில் அர்ச்சனைக்கு நட்சத்திரம் கேட்ட ஐயரிடம், "அது கிடக்கட்டும், ரெண்டாயிரமோ நாலாயிரமோ?" என்றார். ஐயர் யோசிக்காமல், "பெரிசாச் செய்தா விசேஷம்" என்றார். அர்ச்சனையைப் பற்றித்தான் சொன்னார்.

கடைசியில் கியர்பெட்டி திருத்தும் ஒரு போர்த்துக்கீசரிடம் என்னை இங்கிலீசுக்குத் துணையாக அழைத்துப்போனார். அந்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டார். வண்டி என்ன பாரம், எங்கே ஓடுது, என்ன ஏற்றுறது.

"வீட்டுச் சாமான் ஏத்துறனான். ஸ்காபரோவுக்குள்ளை ஓடுறனான்" என்றார் ஊதியண்ணை. நான் மொழிபெயர்த்தேன்.

"அப்ப ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலை போதும். சுப்பர்சார்ஜர் பூட்டின எஞ்சின் தொடக்கத்திலேயே நல்லா இழுக்கும். சின்ன இலக்கமா, பலமாச் செய்ததா எடு."

சின்ன இலக்கம் என்றதும் ஊதியண்ணையின் முகம் கறுத்தது. பிள்ளை தொண்ணூற்றெட்டு எடுத்தால் மற்ற ரெண்டும் எங்கே என்று கேட்கிற சனம் நாங்கள். "நீர் என்ன சொல்லுறீர்?" என்று என்னைக் கேட்டார். எனக்குப் பசி. வீட்டுக்குப் போகவேண்டும். "கூட இருந்தா நல்லம்தானே அண்ணை" என்றேன்.

நாலாயிரம் வாங்கினார்.

அந்த மாசக் கடைசியில் நாங்கள் நகர நடுவில் இருக்கும் சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து வோபர்னுக்கு மாறினோம். பழைய வீட்டுக்குப் புது ஆட்கள் வந்து கதவடியில் நின்றார்கள். வேறு வாகனம் கிடைக்கவில்லை. சோபா, கட்டில், குளிர்பெட்டி எல்லாவற்றையும் ஊதியண்ணையின் ட்றக்கில் ஏற்றினோம். என் மனுசி சோறு அவிக்கிற குக்கரை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் இருந்தாள்.

முதலாவது சிக்னல் பச்சையானது. ஊதியண்ணை மிதித்தார். பிளேன் ஏறுகிற சத்தம். ட்றக் நின்ற இடத்தில் யோசித்துக்கொண்டிருந்தது.

மனுசி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அண்ணை, சத்தம் போகுது. நாங்கள் போகேல்லை" என்றாள்.

"பொறும் பிள்ளை, இப்ப பிடிக்கும்."

பிடித்தது. குக்கர் மூடி பின்கண்ணாடியில் போய் அடித்தது. அடுத்த சிக்னல் வரை பாய்ந்து, அங்கே மறுபடியும் யோசித்தது. டன்போர்த் வீதியில் சிக்னலுக்குக் குறைவில்லை. பத்தாவதில் அடியில் இருந்து புகை கிளம்பியது. கியர்பெட்டி எண்ணெய் கொதித்துவிட்டது.

பத்து நிமிசம் ஓடுவது, அரை மணித்தியாலம் ஆறவிடுவது என்று பயணம் தொடர்ந்தது. ஓரிடத்தில் குளிர்பெட்டிக்குள் இருந்த தண்ணீர்ப் போத்தலை எட்டி எடுக்க சோபாவை இறக்கி நடைபாதையில் வைத்தோம். பழைய சாமான் விற்கிறோம் என்று நினைத்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து சோபாவில் கிடந்த மேசை விளக்கைக் கையில் எடுத்து ஏதோ கேட்டாள். ஊதியண்ணை அவளுக்குத் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் ரோர்க் கொன்வேர்ட்டரை விளக்கினார். அவள் விளக்கை மெதுவாக வைத்துவிட்டுப் போனாள்.

ஐந்தாவது முறை நின்றபோது ஊதியண்ணை இறங்கிப் போனார். நடைபாதையில் குந்தியிருந்து ட்றக்கின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சின்ன இலக்கத்தைப் போட்டிருக்கலாம் தம்பி."

"ஏன் அண்ணை போடேல்லை? அது அடியிலை கிடக்கிற சாமான். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே" என்றார்.

கூட இருந்தால் நல்லது என்று சொன்னவன் நான். அதனால் நானும் பக்கத்தில் குந்தினேன். மனுசி போத்தல் தண்ணீரை முதலில் அவருக்குத்தான் கொடுத்தாள். நடந்து போயிருந்தால் மத்தியானம் சேர்ந்திருப்போம். பின்னேரம் ஆறு மணிக்கு வோபர்ன் வந்தோம். ஒரு கோப்பைகூட உடையவில்லை.

அடுத்த கிழமை அவரே போர்த்துக்கீசரிடம் போய் சின்ன இலக்கத்துக்கு மாற்றிக்கொண்டு வந்தார். எண்ணெயை ஆறவைக்கிற ஒரு சின்னக் கூலரும் பூட்டினார். ட்றக் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. அதன்பிறகு அவர் சின்ன இலக்கத்தின் பிரசாரகர் ஆகிவிட்டார். ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு தகப்பன், மகள் தொண்ணூற்றெட்டு எடுத்ததாகச் சொல்ல, "ஏன் அவ்வளவு? ரோட்டிலை ஓட எழுபது காணும்" என்றார். அந்த வீட்டில் அவருக்குக் கேக் கிடைக்கவில்லை.

இப்போது அல்பேர்ட்டாவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். பற்றரிக் கார்களில் கியர்பெட்டியே ஒழுங்காக இல்லையாம், அதில் மனுசன் எதைத்தான் தெரிவு செய்யிறது என்று ஒரு மணித்தியாலம் கவலைப்படுவார். எனக்கு அதில் அரைவாசி விளங்காது. இத்தனை வருடத்தில் ஒருநாளாவது நான் முதலில் போனை வைத்ததில்லை.