பதினோரு மணிக்கு அழும் சுவர்

தினமும் சரியாகப் பதினோரு மணிக்குச் சுவர் அழுதது. நூறு வயது தாண்டிய செங்கல் சுவர். அதன் முகப்பைப் புதுப்பித்த என்ஜினீயர் நான். வேடிக்கை பார்க்கத் தெருவே திரண்டது. முதல் வரிசையில், பயபக்தியோடு, அடியேன்.

சுவரில் காது வைத்துக் கேட்பவர் 'சுவர் வைத்தியர்'. அவர் முணுமுணுக்கத் தொடங்கிய கால் மணியில் ஜன்னலுக்கு மேலே இரண்டு கோடாகத் தண்ணீர் இறங்கும். கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெண்ணின் காலடி சுவருக்கு ஆகவில்லையாம். மூன்று நாளில் அவள் காலி செய்யாவிட்டால் கட்டடம் சரியுமாம். காலியாகும் அறையில் தானே தங்கிச் சுவரைத் தேற்றுவாராம். என்ன தியாகம்!

அந்தப் பெண் என் அக்கா. அவளுக்கு வீடும் பிழைப்பும் அந்தத் தையல் அறைதான். தம்பி ஏதாவது கேட்பான் என்று என் முகத்தைப் பார்த்தாள். ஈரம் அளக்கும் கருவியை எடுத்திருக்க வேண்டிய நான், அவளுடைய தையல் மெஷினைத் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், மிச்சப் பூச்சு வேலைக்கு வந்த கொத்தனாரம்மா மட்டும் மாடிக்கு ஏறினாள். துணிக்குப் போடும் நீலம் நாலு பாட்டிலை அங்கிருந்த தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, இறங்கி வந்து கூட்டத்தோடு நின்றாள்.

பதினொன்று. சுவர் நீலமாக அழுதது.

"துக்கம் முத்திடுச்சு," என்றார் வைத்தியர், அசராமல். நான் தலையாட்டினேன். வெட்கத்தை விட்டு அதையும் எழுதுகிறேன்.

அக்கா உள்ளே போய் ஒரு டம்ளரோடு வந்தாள். அதிலும் நீலத் தண்ணீர்.

"எங்க சமையலறைக் குழாயும் துக்கப்படுதுங்க. அதுக்கும் காது வச்சுக் கேக்குறீங்களா?"

கூட்டம் சிரித்தது. மோட்டார் சுவிட்சுக்குப் பொறுப்பான காவலாளி நழுவப் பார்த்தார், அக்கா மறித்தாள். முணுமுணுப்பு தொடங்கியதும் மோட்டாரைப் போட வேண்டும், தொட்டி நிறைந்தாலும் நிறுத்தக் கூடாது என்று வைத்தியர்தான் சொல்லி வைத்தாராம். வழிந்த தண்ணீர் மாடி விரிசலில் புகுந்து சுவருக்குள் இறங்கியிருக்கிறது. காவலாளி சொல்லி முடிப்பதற்குள் வைத்தியரைக் காணோம்.

"அப்போ ஏன் ரெண்டே இடத்துல வருது?" என்று கேட்டேன், கெத்து குறையாமல்.

"பழைய சுண்ணாம்பு ஈரத்தக் குடிச்சு வெயில்ல விட்டுரும் சார். நீங்க செங்கல் இடுக்கு பூரா சிமெண்ட்ட வச்சு அடைச்சிட்டீங்க. அடைக்க மறந்தது அந்த ரெண்டுதான்," என்றாள் கொத்தனாரம்மா.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. அக்கா திரும்பவில்லை, கட்டிய மூட்டைகளைப் பிரிக்கப் போய்விட்டாள்.

உங்கள் வீட்டுச் சுவர் அழுதால் வைத்தியரைக் கூப்பிடாதீர்கள். படித்த என்னையும் கூப்பிடாதீர்கள். மாடி ஏறிப் பாருங்கள். மூன்று நாளும் மாடிக் கதவு திறந்துதான் கிடந்தது.