இன்றைய அளவே இனி சரியான அளவு

பழுதைப் பார்த்துச் சரிசெய்கிறவர்கள் உண்டு, மூடி மறைக்கிறவர்களும் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது வாசகரே, பழுதையே சரியான நிலை என்று பதிவு செய்துகொள்ளும் இனம். அதில் ஒருவர் விமானங்களைப் பராமரிக்கும் கூடத்தில் மேற்பார்வையாளர். அங்கே அவருக்கு 'நார்மல் சார்' என்று பெயர்.

இப்போதைய விமானங்கள் பலவும் கார்பன் இழையை அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தவை. அடிபட்டால் வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே அடுக்குகள் பிரிந்துகொண்டிருக்கும். அதனால் உட்புறத்தில் சென்சார்களை ஒட்டி, நல்ல நிலையில் ஒருமுறை அளவெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வரும் அளவுகளை அதோடு ஒப்பிடுவார்கள். மாறினால் திரையில் சிவப்பு. சிவப்பு வந்தால் அந்த இடத்து உள்பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்பீர்கள். பாவம், உங்களுக்கு அனுபவம் போதாது.

நார்மல் சார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெயிலைக் குறை சொல்லி, ஈரக்காற்றைக் குறை சொல்லி, சென்சாரை ஒட்டியவரின் கையையும் வாங்கியவரின் புத்தியையும் குறை சொல்லி முடித்து, ஒரு பொத்தானை அழுத்துவார். பழைய அளவு அழிந்துபோகும். இன்றைக்கு எப்படி இருக்கிறதோ அதுதான் இனி நல்ல நிலை. திரை பச்சையாகிவிடும். அவர் கையில் எந்த விமானமும் தாமதமானதில்லை என்று மேலிடத்தில் ஏகப்பட்ட மரியாதை.

போன வாரம் சாமான் ஏற்றும் வண்டி ஒரு விமானத்தின் கதவோரம் லேசாக இடித்தது. திரை சிவந்தது, சார் அழுத்தினார். இரண்டு நாளில் மறுபடி சிவந்தது, மறுபடி அழுத்தினார். மூன்றாம் தடவை, பல வருடமாக அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியன் அம்மாள், உள்பலகையைக் கழற்றிவிடலாம் என்றார்.

"விடுங்கம்மா, அதோட சுபாவமே அதுதான்."

பொத்தானை அழுத்தி, விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். மகள் போனில் வந்தாள். கைக்குழந்தையோடு நாளைக் காலை கிளம்புகிறாளாம். எந்த விமானம் என்று சட்டைப்பையிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். அதே விமானம். மழை வரும் என்றார், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்றார், இரண்டு நாள் கழித்துப் போகக்கூடாதா என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார்.

"அந்த ஃப்ளைட்ல ஏதாவது கோளாறாப்பா?"

"கோளாறெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நார்மல்தான்."

"அப்புறம் என்ன? நான் அதுலயே போறேன்."

போனை வைத்துவிட்டாள். சார் கைகூடக் கழுவாமல் ஓடி வந்து பலகையைக் கழற்றச் சொன்னார். கருவி வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு முழ நீளத்துக்கு அடுக்குகள் பிரிந்து கிடந்தன. அந்த அம்மாள் பிரிந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைத்தார். சார் அறிக்கையில், தனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம் இருந்ததாக எழுதிவைத்தார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போன வருடம் மூன்றாவது மாடியில் உங்களுக்கு மூச்சு வாங்கியது, இப்போது முதல் மாடியிலேயே வாங்குகிறது. டாக்டரிடம் போகலாம் என்ற மனைவியிடம், "வயசானா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வாயை அடைத்தது யார்?